உள்ளங்கையில் ஒரு போர் விமானம்

நோயிலிருந்து மீண்டு வருவோர் பலருக்கு உடல்வலி தணிந்த பின்னரும் நீங்காத குறை ஒன்று உண்டு. நேற்றுவரை ஒரு குடும்பத்தையோ ஒரு தொழிற்பிரிவையோ தாங்கிய கைகள் இன்று வேலையின்றி மடிமீது கிடக்கின்றன என்பதே அது. உணவை ஒருவர் ஊட்டுகிறார். மாத்திரையை ஒருவர் எடுத்துத் தருகிறார். சட்டைப் பொத்தானையும் பிறரே போட்டுவிடுகின்றனர். பெற்றுக்கொள்ள எல்லாம் இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. இக்குறைக்குச் சிறு மாற்றாக அமையக்கூடிய ஒரு பொழுதுபோக்கை இந்த இதழில் அறிமுகப்படுத்துகிறோம். வரலாற்றில் இடம்பெற்ற போர் விமானங்களையும் கவச வண்டிகளையும் அளவு பிசகாமல் சிறிதாக்கி, ஒட்டி, வண்ணம் தீட்டும் மாதிரி உருவாக்கமே அது.

நெய்வேலி வாசகர்களுக்கு இது முற்றிலும் அயலான செய்தி அன்று. 1957இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961இல் நிலக்கரியைக் கண்ட நகரியம் இது. வரைபடத்தில் ஒரு விரற்கடை நீளமுள்ள கோடு களத்தில் எத்தனை மீட்டராகும் என்று கணக்கிட்டே பணியாற்றியவர்கள் இங்கு வீட்டுக்கு வீடு உள்ளனர். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்னும் மாபெரும் இயந்திரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, பெரியதைச் சிறியதாக்கிக் கையில் ஏந்துவதன் மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை. விமானமும் நமக்குப் புதிதன்று. நகரியத்திற்கென்றே ஓர் ஓடுதளம் உண்டு. வாயுதூத் பயணிகள் விமானம் வந்து சென்ற காலமும் இருந்தது. அருகிலுள்ள உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உள்ளது.

அளவு என்னும் கணக்கு

மாதிரிப் பெட்டியின்மீது 1:72 என்று அச்சிட்டிருந்தால், உண்மைப் பொருளின் 72இல் ஒரு பங்கு என்று பொருள். பழைய அளவில் சொன்னால், ஆறடி மனிதர் ஓரங்குல உயரமே இருப்பார். விமான மாதிரிகளுக்கு இவ்வளவு பெரிதும் வழக்கிலுள்ளது. கவச வண்டிகளுக்கு 1:35 என்னும் அளவு புகழ்பெற்றது.

நம் நாட்டு விமானம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டு, பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட நாட் என்னும் சிறிய போர் விமானத்தின் நீளம் 8.74 மீட்டர், இறக்கையின் அகலம் 6.73 மீட்டர். 1:72 அளவில் அது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாகி உள்ளங்கையில் அமர்ந்துவிடும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்தளத்தைக் காக்க இவ்வகை விமானத்தில் எழுந்து உயிர்நீத்தவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

கவச வண்டியை விரும்புவோர்க்கு விஜயந்தா உண்டு. சென்னையை அடுத்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதலாவது விஜயந்தா உருவானது. பீரங்கிக் குழலை நீக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள அவ்வண்டி, 1:35 அளவில் 23 சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

விளையாட்டன்று, பயிற்சி

இக்கலை முற்றிலும் சிறுவர் விளையாட்டாக வளர்ந்தது அன்று. 1936இல் இங்கிலாந்தின் ஃபிராக் நிறுவனம் 1:72 அளவில் பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகளை வெளியிட்டது. போர் மூண்டபோது, தூரத்தில் தெரியும் விமானம் நண்பருடையதா பகைவருடையதா என்று அறியும் பயிற்சிக்கு மாதிரிகள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை, மரத்தாலான 5 லட்சம் விமான மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. போருக்குப் பின் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் ஸ்பிட்ஃபயர் விமானத் தொகுப்பை வெளியிட, இப்பழக்கம் எளிய குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

எப்படிச் செய்வது?

தொகுப்பில் உறுப்புகள் யாவும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கிளையும் காயும்போல் ஒட்டியிருக்கும். தேவைப்படும் உறுப்பை மட்டும் சிறு வெட்டுக் குறடால் நறுக்கி, நறுக்கிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன், பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்ப்பது முதல் விதி. பிளாஸ்டிக்குக்கெனத் தனியே விற்கும் பசை இரு பரப்புகளையும் சற்றுக் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால், தவறாக ஒட்டியதைப் பிரிப்பது எளிதன்று.

அடுத்தது வண்ணம். பண்ருட்டிக் கொலு பொம்மைகளைப் பார்த்தவர்கள், அடிப்பூச்சு சீராக இருந்தால்தான் மேல் வண்ணம் நிற்கும் என்பதை அறிவார்கள். இங்கும் அதே முறைதான். அடிப்பூச்சு உலர்ந்தபின், கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே நலம். முதற்பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும். மனம் தளர வேண்டாம். இரண்டாம் பூச்சு அதைச் சமன் செய்யும்.

வண்ணம் தீட்டுவதற்குச் சிறிது வரலாறும் வேண்டும். நாட் விமானங்கள் தொடக்கத்தில் உலோக வெண்மையோடு பறந்தன; பின்னர்ப் பலவற்றிற்கு மறைப்பு வண்ணம் பூசப்பட்டது. ஆகவே, எந்த ஆண்டின் விமானத்தைச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இறுதியாக, காவி, வெள்ளை, பச்சை வட்டச் சின்னத்தை நீரில் நனைத்துத் தாளிலிருந்து வழுக்கி இறக்கையில் இறக்கும் தருணம் வரும். மூச்சை அடக்கிச் செய்யும் அவ்வேலை முடிந்ததும், வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது விமானமாகிவிடும்.

தொகுப்பு வாங்க இயலாதோர் வருந்த வேண்டாம். அட்டை, கத்தரிக்கோல், வெள்ளைப் பசை ஆகியவற்றைக் கொண்டே காகித மாதிரிகள் செய்யலாம். பனங்காய்க் குரும்பையில் நுங்கு வண்டி செய்து ஓட்டியவர்கள்தாமே நாம்!

வேலூர் காட்டிய வழி

கைவேலைக்கும் சிகிச்சைக்கும் உள்ள உறவை உலகுக்கு எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான பால் பிராண்ட், மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழிலும் தச்சும் கற்றவர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த கை உழைத்துப் பிழைக்கவும் வேண்டுமே! அதற்காக அமைந்த புதுவாழ்வு மையத்தில் நோயாளிகள் தச்சுவேலை பயின்று மரப் பொம்மைகள் செய்தனர்.

அங்குதான் மற்றொரு பாடமும் கிடைத்தது. உணர்ச்சியற்ற கை, உளியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை அறியாது. கொப்புளம் எழுந்தாலும் உணராது. ஆகவே, கருவிகளின் பிடியை மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைக் கண்ணால் சோதிக்க வேண்டும். கை சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும் என்னும் இவ்விதி, நீரிழிவால் விரல்கள் மரத்துப்போனவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இதே காலத்தில், 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் செயல்முறை மருத்துவப் பயிற்சியைத் தொடங்கினார். நோயாளிக்குப் பொருள் பொதிந்த ஒரு வேலையைக் கொடுத்து அதன்வழியே உறுப்புகளைப் பழக்குவதே அத்துறையின் அடிப்படை. மாதிரி உருவாக்கம் எந்த நோயையும் குணமாக்கும் என்று நாம் சொல்லவில்லை. மருந்துக்கோ உடற்பயிற்சிக்கோ அது மாற்றும் அன்று. ஆனால் கிள்ளிப் பிடித்தல், திருப்பிப் பொருத்துதல், இரு கைகளையும் இணைத்துப் பயன்படுத்துதல் ஆகியவை இதில் இயல்பாகவே அமைந்துள்ளன. பக்கவாதத்தால் தளர்ந்த கை, நுண்பணியைச் செய்ய இயலாவிடினும் உறுப்பை அசையாமல் தாங்கிக்கொள்ளலாம். கை நடுங்குவோர் மணிக்கட்டையும் முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் ஓரளவு அடங்கும்.

கவனிக்க வேண்டியவை

தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேளுங்கள். பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், குறிப்பாக ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உடையோர், டர்பென்டைன் கலக்கும் எனாமல் வண்ணங்களையும் தெளிப்பு வண்ணங்களையும் தவிர்த்து, நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களையே பயன்படுத்துங்கள். ஆக்சிஜன் பெறுவோர் இருக்கும் அறையில் எளிதில் தீப்பற்றும் பசையோ கரைப்பானோ இருத்தல் கூடாது.

உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை தேய்க்கும் வேலையில் ஈடுபட வேண்டாம்.

இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோரும், புற்றுநோய் மருந்துகளால் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் கூரிய கத்தியைத் தொட வேண்டாம். வெட்டும் வேலையை உடனிருப்போர் செய்து தரலாம். ஆறாத காயமோ நிற்காத குருதிக்கசிவோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நொடியில் ஒட்டும் பசை கண்ணில் பட்டால் இமையை வலிந்து திறக்காமல் நீரால் கழுவி உடனே மருத்துவரிடம் வாருங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள்.

20 நிமிடத்திற்கு ஒருமுறை நிமிர்ந்து, தோள்களைத் தளர்த்தி, தொலைவில் உள்ள ஒன்றைப் பாருங்கள். பசையும் வண்ணமும் வீட்டில் சிறுவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மருத்துவமனைப் படுக்கையில் பசை, கத்தி, வண்ணம் எதுவும் வேண்டாம். விளக்கத்தாளைப் படிப்பதும் வண்ணங்களை முடிவு செய்வதும் அங்கேயே நடக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இவை போர்க்கருவிகளின் மாதிரிகள். முன்னாள் படைவீரர் சிலருக்கு அவை பெருமிதம் தரும். சிலருக்கோ மறக்க விரும்பும் நாள்களை எழுப்பக்கூடும். கேட்டறிந்து கொடுங்கள். முகம் வாடினால், பயணிகள் விமானமோ உழவு இயந்திரமோ போதும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் முதல் மாதிரியே 1949இல் வெளிவந்த ஒரு டிராக்டர்தான்!

உடனிருப்போர்க்கு ஒரு சொல்

இரு வழுவழுப்பான துண்டுகளைப் பொருத்த அப்பா கால் மணி நேரமாக முயல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. "நீங்க விடுங்கப்பா, நானே ஒட்டிடறேன்" என்று அன்பு மிகுதியால் நாம் கை நீட்டிவிடுகிறோம். அந்த ஒரு நொடியில் அவருக்கு எஞ்சியிருந்த ஒரே வேலையையும் நாம் வாங்கிக்கொள்கிறோம். அவர் கேட்கும்வரை காத்திருங்கள். விளக்கைச் சரியாகத் திருப்புங்கள். கீழே விழுந்த உறுப்பைத் தேடிக் கொடுங்கள். மேசை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கை சற்றுக் கோணலாக ஒட்டினால் கோணலாகவே இருக்கட்டும். அது அவர் ஒட்டிய இறக்கை.

உடனிருப்போரும் இவ்வேலையில் பங்கேற்கலாம். நோயாளி உறங்கும் பகற்பொழுதுகளில் உங்கள் கைகளும் கவலையைத் தவிர வேறொன்றைப் பற்றிக்கொள்ளட்டும். ஆளுக்கொரு விமானமாகச் செய்தால், பேச்சு மருந்தையும் பரிசோதனை முடிவையும் விட்டுச் சற்றே விலகி, இந்தப் பச்சை போதுமா, இன்னும் கருமை வேண்டுமா என்று மாறும். வீட்டில் அத்தகைய பேச்சு நிகழ்ந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் மாதிரிக்கு, குறைந்த உறுப்புகள் கொண்ட எளிய தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். நாளொன்றுக்கு ஓர் உறுப்பு போதும். இன்று சக்கரம், நாளை வால், மறுநாள் ஓட்டுநர் இருக்கை. எந்த நாள் உடல் ஒத்துழைக்கவில்லையோ அந்த நாளில் பெட்டி மூடியே இருக்கட்டும். மாதிரிக்கு அவசரம் ஒன்றுமில்லை. முடிந்ததும், அடுத்த மருத்துவச் சந்திப்பின்போது ஒரு சிறு பெட்டியில் வைத்துக் கொண்டு வந்து காட்டுங்கள். விரல்கள் எவ்வளவு தேறியுள்ளன என்பதை மருத்துவர் அதைக் கொண்டும் அறிந்துகொள்வார்.