ஒரே கூட்டில் அண்ணனும் கடைக்குட்டியும்: கூகையின் வாழ்க்கைச் சுழற்சி

மாணவர்களே, செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போனால் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டியைப் பார்த்திருப்பீங்க. அது கூகைக்கு வைத்த கூடு. மலாயில் இதைப் 'புங்குக் ஜெலாபாங்' என்பார்கள். செம்பனைப் பழத்தை எலி தின்னும். எலியைக் கூகை தின்னும். அதனால்தான் அந்தப் பெட்டி.

அதற்குள் இருக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஏன்?

முட்டையும் அடைகாத்தலும்

கூகை பொதுவாக 4 முதல் 7 வெள்ளை முட்டைகள் இடும். ஒரே நாளில் அல்ல; இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. கோழி முட்டைகளை இட்டு முடித்த பிறகுதான் அடையில் உட்காரும். கூகை அப்படியில்லை. முதல் முட்டை இட்டதுமே உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முட்டைக்கும் ஏறக்குறைய 30 நாள். ஆகவே முதலில் இட்டது முதலில் பொரியும். ஆறு முட்டை என்றால், மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் 10 நாளுக்கு மேல் இடைவெளி வந்துவிடும்.

வளர்ச்சி

தாய் குஞ்சுகளை அணைத்து, இரையைக் கிழித்து ஊட்டும். தந்தை எலி பிடித்து வரும். இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும். பிறகு எலியை முழுசாகவே விழுங்கும். ஏறக்குறைய 8 வாரத்தில் பறக்கத் தொடங்கும்.

எலி நிறைய கிடைத்தால் எல்லாக் குஞ்சும் பிழைக்கும். குறைந்தால் பெரியவை முந்திக்கொள்ளும், கடைக்குட்டி இறந்துபோகும். கொடுமைதான். ஆனால், இருப்பதைச் சமமாகப் பங்கிட்டால் எல்லாமே மெலிந்து சாகலாம். சில கூடுகளில் மூத்த குஞ்சு தன் பங்கைத் தம்பிக்குக் கொடுப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

விடை எழுதும்போது

'குஞ்சுகள் வெவ்வேறு நாளில் பொரிக்கின்றன' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. காரணம்: முதல் முட்டையிலிருந்தே அடைகாத்தல். விளைவு: உணவு குறைந்தாலும் சில குஞ்சுகளாவது பிழைத்தல். இரண்டையும் சேர்த்து எழுதுங்க.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் யாராவது 'அது சாவுக்குருவி, சார்' என்று சொல்லக்கூடும். திட்ட வேண்டாம். இரவில் 'ஸ்ஸ்' என்று இழுத்துக் கேட்கும் அந்தச் சத்தம், பசித்த குஞ்சு சாப்பாடு கேட்பதாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். எலிக்கு வைக்கும் விஷம் எலி வழியே கூகையையும் கொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உணவுச் சங்கிலிப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.