மேற்கே போகும் மின்சார ரயில் - 9: சட்டியும் கிட்டாரும்

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிள்கள் வெளியே வரும் நேரத்தில் நிறுத்தினோம். இந்த வாரமும் அதே தண்டவாளம்தான், ஆனால் பாட்டோடு.

இந்தப் பாதையின் வயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, பெரம்பூர், ஆவடி, அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை போனது. இன்றைக்கு மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறி கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று நின்று நின்று போகிற நாமும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் போகிறோம். இந்தத் தடத்தின் ஒரு முனையான ராயபுரத்தில் ஒரு பெண். இன்னொரு பக்கம் அரக்கோணத்தில் ஒரு பையன். நடுவில், ஆவடிக்குப் பக்கத்துக் கார்லபாக்கம் என்ற கிராமத்திலிருந்து ஓவியம் படிக்க எழும்பூர்ப் பக்கம் வந்த ஒருவர். மூவரும் ஒரே இசைக்குழுவில் சந்தித்துக்கொண்டதுதான் இந்த வாரக் கதை. குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'.

ரயிலில் பாட்டு என்றதும் வழக்கமாக இந்தப் பாதையில் வருபவர்களுக்குப் புரிந்திருக்கும். காலை வண்டியில் கல்லூரி மாணவர்கள் ஏறினால் பெட்டியின் தகரச் சுவர்தான் தாள வாத்தியம். ஒருவன் எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாடுவார்கள். உள்ளங்கை கனத்த அடிக்கு, விரல் நுனி ஓட்டத்துக்கு. தாளம் தவறினால் பாடுகிறவன் அடிக்கிறவனை முறைப்பான். மாணவர் கும்பல்களின் 'ரூட்டு தல' சண்டைகள், கைதுகள் எல்லாம் பத்திரிகையில் வந்துவிடுகின்றன. அதே பெட்டியில் எந்த வாத்தியாரும் இல்லாமல் இரண்டு மூன்று தலைமுறையாக ஓர் இசைப் பயிற்சி நடந்துகொண்டிருப்பது செய்தியாவதில்லை. நான் இதைப் புகழ்ந்து எழுதினால் ஜன்னலோர சீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காது வலிக்கும், அதுவும் உண்மைதான்.

சென்னையில் ராக் இசை வேறொரு வரைபடத்தில் வளர்ந்தது. ஐ.ஐ.டி. வளாகத்து விழா மேடை, நகரத்துக் கல்லூரிகளின் கலைவிழாக்கள், அடையாறு அன்வைண்ட் சென்டர். பாட்டு ஆங்கிலத்தில் இருக்கும். கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்க வீட்டில் பணம் இருக்க வேண்டும். கச்சேரி முடிந்து ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ திரும்ப வண்டி இருக்க வேண்டும். புறநகர்ப் பையனுக்குக் கிட்டார் அறிமுகமானது சர்ச்சிலும், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ராத்திரி மேடை ஏறும் மெல்லிசைக் குழுவிலும்தான். அங்கே கிட்டார்காரர் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளையராஜா பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார்.

வட சென்னைத் தெருப்பாட்டான கானாவைப் பாடுகிறவனும் சட்டி மேளம் அடிக்கிறவனும் அந்த மேடைக்குக்கூட எட்டவில்லை. சாவு வீட்டில் இரவெல்லாம் மரண கானா, மறுநாள் ஊர்வலத்தில் சட்டி மேளம், மாலையில் கூலி. சினிமா கானாவை எடுத்துக்கொண்டது. தேவா இசையில் அது ஊரெல்லாம் ஒலித்தது. ஆனால் பாட்டு பிறந்த தெருவின் பெயர் கேசட் அட்டையில் வந்ததில்லை.

கார்லபாக்கத்துக்காரரான பா. இரஞ்சித் 2012-இல் 'அட்டகத்தி' எடுத்தபோது இந்த நிலைமை கொஞ்சம் அசைந்தது. நகரத்தின் ஓரத்துக் கிராமம், பஸ், கல்லூரி, காதல் தோல்வி என்று அந்தப் படம் நம்ம பக்கத்துப் படம். அதில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடியதும், கானா என்றால் குத்துப்பாட்டு என்று நினைத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'மெட்ராஸ்', 'கபாலி' என்று படங்கள் பெரிதாகிக்கொண்டே போன காலத்தில், சினிமாவுக்கு வெளியே சொல்லவேண்டியதைச் சொல்ல இரஞ்சித் 'நீலம் பண்பாட்டு மைய'த்தை நடத்தினார். தணிக்கை, வசூல் என்று எந்தக் கணக்கும் இல்லாமல் சாதியைப் பற்றி நேராகப் பேசும் ஓர் இசைக்குழு வேண்டும் என்ற எண்ணம் 2017-இன் கடைசியில் வேலையாக மாறியது.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் டென்மா. 'லா பொங்கல்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர், கபேர் வாசுகியுடன் சேர்ந்து 'குரங்கன்' நடத்தியவர். தமிழில் சுயாதீன இசை என்ற சின்ன உலகத்தின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர். பாடகர்களைத் தேடித் தேர்ந்தெடுத்துப் பத்தொன்பது பேர் கொண்ட குழுவாக்கினார்கள். கானா பாட முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து முதலானோர். ராயபுரத்து இசைவாணி. ராப் பாட அரக்கோணத்து அறிவு. டோலக், தபலாவுக்குத் தரணி, சட்டிக்கு சரத், கட்ட மோளத்துக்கு கௌதம், பறைக்கும் தவிலுக்கும் நந்தன். இந்தப் பக்கம் டிரம்ஸில் மனு கிருஷ்ணன், கிட்டாரில் சாஹிப் சிங். பெயர்களை இப்படி வரிசையாக எழுதுவது படிப்பவருக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனால் சட்டி வாசிப்பவரின் பெயர் ஒரு ராக் குழுவின் பட்டியலில் கிட்டாரிஸ்ட் பெயருக்குப் பக்கத்தில் வந்தது அதுவரை இந்த ஊரில் நடக்காத காரியம்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைச் 'சாதி பேதமற்ற தமிழர்' என்று பதிந்துகொள்ளும்படி தம் மக்களுக்குச் சொன்னவர் அவர். 1907-இல் 'ஒரு பைசா தமிழன்' என்ற வார இதழை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கியவரும் அவரே. ஒரு ராக் குழு தன் பெயரை சென்சஸ் படிவத்திலிருந்து எடுத்துக்கொண்டது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

இனி இசைக்கு வருவோம். கானாவையும் ராக்கையும் கலப்பது காகிதத்தில் எழுதச் சுலபம். மேடையில் முதல் தகராறு சுருதியில் வரும். கானா பாடுகிறவர் வாத்தியத்தைக் கேட்டுச் சுருதி பிடிப்பதில்லை. அன்றைக்குத் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே எடுப்பார், அதுவும் பெரும்பாலும் உச்சத்தில். நூறு பேர் கூடிய சாவு வீட்டில் மைக் இல்லாமல் கேட்கவேண்டிய குரல் அது. கிட்டார்காரர்தான் ஓடிப்போய் அந்த இடத்தைப் பிடிக்கவேண்டும். அடுத்த தகராறு காலத்தில். ராக் டிரம்மர் நாலு நாலாக எண்ணி நேர்கோட்டில் போவார். கானா மூன்று மூன்றாக ஆடிக்கொண்டு போகும். பாடகர் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துவிட்டு, கேட்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த வரிக்கு வருவார். அதுவரை டோலக் காத்திருக்கும். மெட்ரோனோமுக்குக் காத்திருக்கத் தெரியாது.

மூன்றாவது தகராறு சத்தம். சட்டி என்பது வாயில் தோல் கட்டிய கிண்ணம் போன்ற உலோக வாத்தியம். கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு மெல்லிய குச்சியால் படபடவென்று அடிப்பார்கள். போக்குவரத்து இரைச்சலைக் கிழித்துக்கொண்டு தெருமுனை வரை போவதற்காகவே செய்யப்பட்டது. அதைக் கொண்டுபோய் டிரம்ஸ் செட்டின் ஸ்னேருக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். யாராவது ஒருவர் விலகவேண்டும். நம் சினிமா ஒலிப்பதிவில் வழக்கமாக விலக்கப்படுவது சட்டி. அதை மெல்லிசாக்கி, ஓரமாக வைத்து, 'லோக்கல் ஃபீல்' என்று பெயர் கொடுப்பார்கள். இந்தக் குழுவின் நல்ல பாட்டுகளில் டிரம்ஸ் அடங்கி, சட்டி முன்னால் வருகிறது. கிட்டார் குரலோடு போட்டி போடாமல் அடியில் உறுமிக்கொண்டு நிற்கிறது. எல்லாப் பாட்டிலும் இது கூடிவரவில்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்டுடியோவில் பதிவான சில பாட்டுகள் கழுவித் துடைத்த மாதிரி இருக்கின்றன. இந்தக் குழுவை மேடையில் கேட்கவேண்டும்.

முதல் மேடை 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானம். சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் ஓய்ந்திராத நேரம். பத்தொன்பது பேரும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். அம்பேத்கர் சிலை இருக்கிற தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தத்தை யாரும் சொல்லவேண்டியதில்லை. கானா பாடகன் என்றால் லுங்கியும் கழுத்துக் கர்ச்சீப்புமாக சினிமா காட்டிப் பழகிய கண்களுக்குத்தான் திடுக்கிடல். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, வட சென்னையைப் பற்றி ஒரு பாட்டு. பேசினால் கைகலப்பில் முடியக்கூடிய விஷயங்களுக்கு ஆயிரக்கணக்கான பேர் மைதானத்தில் ஆடினார்கள். கோட்டா என்றால் என்ன என்று விளக்கும் பாட்டுக்கு ஆட்டம் போடமுடியும் என்று அதற்கு முன்பு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு வேகம்தான். அந்த வருடக் கடைசியில் நீலத்தின் 'வானம்' கலைத் திருவிழா தொடங்கியது. 2019-இல் அறிவு, ஒஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் கொண்டுவந்தார். 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. ஆண்களின் கோட்டையாகவே இருந்த கானாவில் நின்று பாடியதற்காக. அந்த வருட டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழாவைத் தொடங்கியது, சபாக்களின் மாதத்திலேயே. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் முத்துவும் இசைவாணியும் பாடினார்கள். டென்மா சினிமாவுக்கு இசையமைக்கத் தொடங்கினார்: 2019-இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022-இல் இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது'.

இதற்கிடையில் வந்தது 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி'. இது குழுவின் பாட்டு இல்லை. சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் வைத்திருந்தார். பாட்டு எங்கே போனது என்று நான் சொல்லவேண்டாம், உங்கள் வீட்டுக் குழந்தையிடம் கேளுங்கள். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், 'நீயே ஒளி' பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டுக்கும் வரி எழுதிய அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், விவாதம் பெரிதானது, பிறகு அறிவின் படத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த வருடம் ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் 'எஞ்சாய் எஞ்சாமி' அறிவு இல்லாமல் ஒலித்தபோது விவாதம் மறுபடியும் கிளம்பியது. பாட்டின் உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று பிரிப்பது இந்தத் தொடரின் வேலை இல்லை. ஆனால் சட்டி அடிக்கிறவனின் பெயரைப் பட்டியலில் போட்டுத் தொடங்கிய ஒரு குழுவிலிருந்து வந்தவருக்கு, யார் பெயர் முன்னால் வரும் என்ற இந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்காது.

ராக் இசைக்கும் இது புதிதில்லை. 'ஹவுண்ட் டாக்' பாட்டை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண், 1952-இல். நான்கு வருடம் கழித்து எல்விஸ் பிரெஸ்லி பாடினார். இன்று பாட்டின் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு எல்விஸ் முகம்தான் வருகிறது. அரக்கோணத்துப் பையன் அட்டைப்படத்துக்காகச் சண்டை போட்டான் என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ளலாம்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. சபரிமலையில் பெண்கள் நுழைவதை ஒட்டி இசைவாணி பாடிய 'ஐ அம் சாரி ஐயப்பா' சில வருடத்துப் பழைய பாட்டு. 2024 நவம்பரில் திடீரென்று எங்கிருந்தோ தோண்டியெடுக்கப்பட்டு, போலீஸ் புகார் வரை போனது. இசைவாணிக்கு வந்த ஆபாசமும் மிரட்டலும் இங்கே எழுதத் தகாதவை. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் பத்தொன்பது பேர் கூட்டாகச் செய்த பாட்டுகள் எத்தனையோ இருக்க, வசவு வாங்க அந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்ததில் தற்செயல் ஏதும் இல்லை.

இன்றைக்கு அந்தப் பத்தொன்பது பேரும் பல திசைகளில் இருக்கிறார்கள். அறிவு 'அம்பாசா' என்ற சொந்தக் குழுவோடு மேடையேறுகிறார், பாட்டியின் பெயரிலேயே 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம் போட்டிருக்கிறார். இரஞ்சித்துக்குப் படங்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பெயரில் வரும் மேடைகள் முன்பு போல அடிக்கடி இல்லை. ஆனால் திருநின்றவூரிலும் பட்டாபிராமிலும் வாடகை அறையில் மைக்கும் லேப்டாப்பும் வைத்துத் தமிழில் ராப் எழுதிக்கொண்டிருக்கும் பையன்களிடம் பேசிப் பாருங்கள். ஐ.ஐ.டி. மேடை பற்றி அவர்கள் கேட்பதில்லை. மார்கழியில் மக்களிசைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்கிறார்கள்.

அடுத்த வாரம் ஆவடியில் இறங்கி, டேங்க் தொழிற்சாலை வாசலுக்குப் போகலாம்.

(தொடரும்)