டீசல் அட்டையின் கணக்கு யார் கையில்?

எரிபொருள் அட்டை என்றால் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது 2022 ஜூலையில் அறிமுகமான கியூஆர் குறியீடுதான். அதற்கு முந்திய தலைமுறைக்கு 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையும் கூப்பனுக்கு அளந்து கொடுத்த மண்ணெண்ணெயும் ஞாபகம் வரும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. இரண்டு காலத்திலும் அட்டை எங்களுக்குச் சொன்னது ஒன்றைத்தான்: உனக்கு இவ்வளவுதான்.

பாரவூர்தித் தொழில் பெரிதாக நடக்கும் நாடுகளில் எரிபொருள் அட்டை என்பது முற்றிலும் வேறான ஒன்று. அங்கே அது பங்கீட்டு அட்டை அல்ல, வியாபாரக் கருவி. வடக்கிலிருந்து கொழும்புக்கு மரக்கறியும் மீனும் ஏற்றும் சிறிய லொறி உரிமையாளர்களோடு டீசல் செலவு பற்றிக் கதைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தியாசம் உறைக்கிறது. அவர்களுடைய மிகப் பெரிய செலவு டீசல். அந்தச் செலவின் கணக்கு பெரும்பாலும் சாரதியின் சட்டைப் பையில் கசங்கிய பற்றுச்சீட்டாகவோ பெற்றோல் செட்டின் கடன் கொப்பியில் ஒரு வரியாகவோதான் இருக்கிறது.

அட்டை எப்படி வேலை செய்கிறது?

பார்வைக்கு அது வங்கிக் கடனட்டை போலவே இருக்கும். ஆனால் அதனால் சோறு வாங்க முடியாது, காசு எடுக்க முடியாது. எரிபொருள் மட்டும்தான். சில அட்டைகளில் ஒயில், டயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கும் அனுமதி இருக்கும்.

இதில் மூன்று தரப்புகள் உள்ளன: அட்டையை வழங்கும் நிறுவனம், எரிபொருள் நிரப்பு நிலையம், லொறிக் கம்பனி. சாரதி டீசல் அடிக்கிறார். நிலையத்துக்குரிய பணத்தை அட்டை நிறுவனம் சில நாட்களில் கொடுத்துவிடுகிறது. பிறகு எல்லா லொறிகளும் எல்லா இடங்களிலும் அடித்த டீசலுக்குச் சேர்த்து, கிழமைக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோ, ஒரே பட்டியலாகக் கம்பனிக்கு அனுப்புகிறது.

கனடாவில் பாரவூர்தி ஓட்டும் என் மச்சான் ஒருவரிடம் இதை விளக்கமாகக் கேட்டேன். அட்டையைப் போட்டவுடன் பம்ப் மூன்று கேள்விகள் கேட்குமாம்: சாரதியின் இலக்கம், லொறியின் இலக்கம், மீற்றரில் ஓடியிருக்கும் தூரம். மூன்றும் சரியாக இருந்தால்தான் டீசல் வரும். அடித்து முடித்ததும் திகதி, நேரம், இடம், லீற்றர், விலை, தூரம் எல்லாம் கம்பனியின் கணினிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு அட்டைக்கும் கம்பனி எல்லை வைக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை லீற்றர், இந்த நேரத்துக்குள், இந்த வீதியிலுள்ள நிலையங்களில், டீசல் மட்டும் என்று பூட்டி வைக்கலாம். தாங்கி 200 லீற்றர் கொள்ளும் லொறிக்கு 230 லீற்றர் அடித்ததாகக் கணக்கு வந்தால் உடனே எச்சரிக்கை போகும். மிச்சம் 30 லீற்றர் எங்கே போனது என்று அன்றைக்கே கேட்கலாம். மாத முடிவில் பற்றுச்சீட்டுக்களை எண்ணும்போது கேட்டுப் பயனில்லை.

அட்டைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒரே கம்பனியின் நிலையங்களில் மட்டும் செல்லுபடியாகும் அட்டை ஒன்று, எங்கும் செல்லுபடியாகும் அட்டை மற்றொன்று. முதலாவதில் கழிவு கூடவாக இருக்கும், ஆனால் வீதியில் அந்தப் பெயர்ப்பலகையைத் தேடி ஓட வேண்டும். இந்தியாவில் இந்தியன் ஒயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெற்றோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், ஹிந்துஸ்தான் பெற்றோலியத்தின் டிரைவ்ட்ராக் பிளஸ் ஆகியன முதல் வகை. முற்பணம் ஏற்றிவிட்டுப் பாவிக்கும் வசதியும் அவற்றில் உண்டு என்பதால், வங்கி கடன் கொடுக்காத சிறிய உரிமையாளரும் அதற்குள் நுழையலாம்.

கம்பனிக்கு என்ன இலாபம்?

அட்டை விற்பவர்கள் முதலில் சொல்வது விலைக்கழிவைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர். போய்வர 800. லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறி என்றால் ஒரு நடைக்கு 200 லீற்றர். இரண்டு லொறிகள் மாதத்துக்கு நான்கு நடை வீதம் ஓடினால் 1,600 லீற்றர். கணக்குக்கு லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 4,80,000 ரூபா.

அட்டை லீற்றருக்கு 2 ரூபா கழிவு தந்தால் மிச்சம் 3,200 ரூபா. பரவாயில்லை, ஆனால் பெரிய தொகை அல்ல.

இனி அடுத்ததைப் பாருங்கள். ஒவ்வொரு நடையிலும் 5 லீற்றர் டீசல் எங்கோ காணாமல் போகிறது என்று வைப்போம். தாங்கியிலிருந்து உறிஞ்சப்படலாம், பற்றுச்சீட்டில் கூட்டி எழுதப்படலாம், ஊசி பழுதாகி எஞ்சின் கூடக் குடிக்கலாம். மாதம் 40 லீற்றர், அதாவது 12,000 ரூபா. தூரமும் லீற்றரும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டால் இரண்டாவது நடையிலேயே இது தெரிந்துவிடும். களவா, எஞ்சின் பழுதா என்பதையும் பிரித்தறியலாம். எல்லா லொறியிலும் ஒரே சாரதிக்குக் கூடப் போனால் ஒரு அர்த்தம், எல்லாச் சாரதிக்கும் ஒரே லொறியில் கூடப் போனால் வேறு அர்த்தம். நேர்மையான சாரதிக்கு இது பெரிய பாதுகாப்பு. சந்தேகத்தின் பேரில் அவருடைய சம்பளத்தில் கை வைக்க முடியாது.

மூன்றாவது, தவணை. சரக்கு ஏற்றக் கொடுக்கும் வியாபாரி கூலியை ஒரு மாதம் கழித்துத்தான் தருவார். டீசலுக்கு இன்றைக்கே காசு வேண்டும். மாத டீசலில் பாதியை, 2,40,000 ரூபாவை, நூற்றுக்கு மூன்று மாத வட்டிக்கு வெளியில் எடுத்தால் 7,200 ரூபா வட்டி. மாதத் தவணை தரும் அட்டை இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

இரண்டையும் கூட்டினால் 19,200 ரூபா. விலைக்கழிவைப் போல ஆறு மடங்கு. இலக்கங்கள் லொறிக்கு லொறி மாறும். ஆனால் பெரிய கம்பனிகள் அட்டையைத் தேடிப் போவதற்கான காரணம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. லீற்றருக்குக் கிடைக்கும் இரண்டு ரூபாவை விட, ஒழுங்கான பதிவும் காசு கட்டக் கிடைக்கும் அவகாசமும் பெறுமதியானவை.

வட அமெரிக்காவில் இன்னொரு தேவையும் உண்டு. கனடாவின் 10 மாகாணங்களும் அமெரிக்காவின் 48 மாநிலங்களும் சேர்ந்த எரிபொருள் வரி உடன்படிக்கையின்படி, லொறி எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது, எங்கே எவ்வளவு டீசல் வாங்கியது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பதிவுகளை நான்கு வருடம் வைத்திருக்கவும் வேண்டும். அட்டையின் பட்டியல் அந்த வேலையின் பாதியைச் செய்துவிடுகிறது.

மறுபக்கம்

அட்டை நிறுவனம் தர்மத்துக்கு நடத்தப்படுவதில்லை. மாதக் கட்டணம், பிந்திக் கட்டினால் தண்டம், வேறு நிலையத்தில் அடித்தால் மேலதிகக் கட்டணம் என்று பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் பல இருக்கும். அமெரிக்காவின் மிகப் பெரிய எரிபொருள் அட்டை நிறுவனங்களில் ஒன்றான ஃப்ளீட்கோர் மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2019 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. விளம்பரம் செய்த கழிவைத் தரவில்லை, வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாத கட்டணங்களை அறவிட்டது என்பவை குற்றச்சாட்டுகள். 2022 ஓகஸ்டில் நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனம் 2024 இல் கோர்பே என்று பெயரை மாற்றிக்கொண்டது.

புலம்பெயர்ந்து சொந்த லொறி வாங்கி, இன்னொரு கம்பனிக்குக் கீழ் ஓடும் எங்கள் ஆட்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அட்டை கம்பனியின் பெயரில் இருக்கும். டீசல் செலவு உங்கள் கூலியிலிருந்து கழிக்கப்படும். ஆனால் விலைக்கழிவு கம்பனிக்குத்தான் முதலில் போகும். அதை முழுதாக உங்களுக்குத் தருகிறார்களா, பலகை விலையில் கழித்துவிட்டு வித்தியாசத்தைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்களா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்காவிட்டால் கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்.

எங்கள் கியூஆர் ஏன் இதுவல்ல?

2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாகியது. அதுவும் கிடைக்கவில்லை. அந்த நிலையில் வந்த தேசிய எரிபொருள் அனுமதி, வரிசைகளைக் குறைத்தது உண்மை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் விபரத்தையும் கொடுத்துப் பதிந்தோம். லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் என்று முதலில் வந்தது. மேலே போட்ட கணக்கின்படி, யாழ்ப்பாணத்து லொறி கொழும்புக்கு ஒரு நடை போய்வர நான்கு கிழமைப் பங்கு வேண்டும். கொழும்புக்குள் சாமான் பறிக்கும் லொறிக்கும் அதே 50 லீற்றர்தான். 2023 ஏப்ரலில் அது 75 ஆகியது. 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதியோடு முறையே நிறுத்தப்பட்டது.

தொழில்நுட்ப ரீதியில் கியூஆரும் எரிபொருள் அட்டையும் சகோதரங்கள். இரண்டும் யார், எந்த வாகனம், எங்கே, எப்போது, எத்தனை லீற்றர் என்று பதிகின்றன. வித்தியாசம் அந்தப் பதிவு யாருக்காக எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. அட்டையில் அது உரிமையாளருக்குத் திரும்பி வருகிறது, அவர் அதை வைத்து முடிவெடுக்கிறார். கியூஆரில் பதிவு அரசிடம் போனது. எங்களுக்குத் திரும்பி வந்தது மிச்சமிருக்கும் லீற்றர் மட்டும்தான்.

இதை வேறு எவரையும் விட நாங்கள் கவனமாகப் பார்க்கக் காரணம் உண்டு. ஓமந்தையிலும் முகமாலையிலும் எங்கள் பெயரும் வாகன இலக்கமும் போகுமிடமும் எத்தனையோ பதிவேடுகளில் எழுதப்பட்டன. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது அந்தப் பதிவுகளால் ஒரு லொறியும் அசையவில்லை. எழுதுபவர் ஒருவர், எழுதப்படுபவர் இன்னொருவர் என்பதுதான் எங்களுக்குப் பழக்கமான ஒழுங்கு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்னர் தள்ளிப்போடப்பட்டது. எனவே நாளைக்கு யார் அட்டை கொண்டு வந்தாலும், அரசோ வங்கியோ எண்ணெய்க் கம்பனியோ, முதல் கேள்வி எத்தனை ரூபா கழிவு என்பதாக இருக்கக் கூடாது. எங்கள் லொறியின் பயணப் பதிவை யாரெல்லாம் பார்ப்பார்கள், எங்களுக்கு அதன் பிரதி கிடைக்குமா என்பதாக இருக்க வேண்டும்.

சிறிய உரிமையாளர் என்ன செய்யலாம்?

ஒன்றிரண்டு லொறி வைத்திருப்பவருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. ஐம்பது லொறி சேர்ந்தால் உண்டு. வடக்கில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பல இடங்களில் எரிபொருள் நிரப்பு நிலையங்களை நடத்துகின்றன. லொறி உரிமையாளர் சங்கங்களும் இருக்கின்றன. இந்த இரண்டும் மேசைக்கு வந்தால், அங்கத்தவர் லொறிகளுக்கு முற்பணமாகவோ இரண்டு கிழமைத் தவணையாகவோ டீசல், ஒவ்வொரு முறையும் தூரத்தோடு பதிவு, மாத முடிவில் உரிமையாளருக்கு ஒரு பட்டியல் என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கலாம். அதற்குப் பிளாஸ்ரிக் அட்டை கூடத் தேவையில்லை, ஒரு இலக்கமும் ஒழுங்கான கொப்பியும் போதும். கடன் கொடுத்துத் திரும்பாமல் நொடிந்த கூட்டுறவுகளின் கதையும் எங்களுக்குத் தெரியும். ஆகவே முற்பணத்தில் தொடங்குவதே பாதுகாப்பு. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியவருக்குத் தவணை கொடுக்கலாம்.

அது வரும் வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் தாங்கியை நிரப்பி அடியுங்கள். திகதி, மீற்றர், லீற்றர், விலை, இடம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அடுத்த முறை அடிக்கும்போது, இடையில் ஓடிய தூரத்தைப் புதிதாக அடித்த லீற்றரால் பிரியுங்கள். லீற்றருக்கு 4 ஓடிய லொறி 3.5 க்கு இறங்கினால் விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. லீசிங் கம்பனியோ வங்கியோ வருமானத்துக்கு அத்தாட்சி கேட்கும் நாளிலும், மாதா மாதம் ஓடிய தூரத்தைக் காட்டும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோகலாம். கையில் ஒன்றும் இல்லாமல் போவதை விட அது பலம்.