நம்ம ஊர்ப் பறவை... அங்கே ஃபாரின்!

"மச்சி, ஃபாரின் ஃபிஞ்ச் வாங்கிட்டேன்டா!"

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் இப்படி ஒரு குரல் கேட்டு எட்டிப் பார்த்தா, கூண்டுல பெரும்பாலும் ஜீப்ரா ஃபிஞ்ச்தான் இருக்கும். பூர்வீகம் ஆஸ்திரேலியா. அந்த நாடு 1960-லேயே தன் பறவைகளை ஏற்றுமதி பண்ணத் தடை போட்டுடுச்சு. இங்கே கீச்சிடுறதெல்லாம் கூண்டுலயே பிறந்த வம்சம். சளைக்காம குஞ்சு பொரிக்கிற ஜாதி, அதனால பிழைச்சுது.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை பாஸ். ஐரோப்பாக்காரங்க ஆசையா வளர்த்த ஒரு 'ஃபாரின்' ஃபிஞ்ச் எது தெரியுமா? நம்ம பச்சை முனியா! இளம்பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, விலாவில் வரிக்குதிரைக் கோடு, சிவப்பு அலகு. இந்தியாவைத் தவிர வேற எந்தக் காட்டுலயும் இதுக்குப் பூர்வீகம் கிடையாது. ராஜஸ்தானின் மவுண்ட் அபு பக்கம் போனா இன்னும் பார்க்கலாம். இதை வலை போட்டுப் பிடிச்சு வருஷக்கணக்கா வெளிநாட்டுக்கு அனுப்பினோம். செத்தா அடுத்தது வாங்கிக்கலாம்ங்கிற தைரியம் இருக்கிறப்போ, ஜோடி சேர்த்து வம்சம் வளர்க்க யார் மெனக்கெடுவா? 1990-91-ல இந்தியப் பறவை வியாபாரத்துக்கும் ஏற்றுமதிக்கும் தடை வந்துச்சு. புது வரத்து நின்னதும் அங்கே கூண்டுகள் காலியாக ஆரம்பிச்சுது. மிச்சம் இருக்கிறது சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்தா, குஞ்சும் வீக்!

முனியா எதையும் இங்கே வாங்கறதும் விற்கறதும் குற்றம். சில பேர் சாதா முனியாவுக்கு சாயம் பூசி, புது வெரைட்டினு தலையில கட்டுவாங்க. தண்ணி பட்டா சாயம் வெளுத்துடும்.