பூனை தன்னையே கடிக்குதா? நாய் மருந்தை தடவிடாதீங்க!

நேற்று வரை நன்றாக மீன் தின்று தூங்கிய பூனை, திடீரென்று திரும்பி தன் முதுகையே வெடுக் வெடுக்கென்று கடிக்கும். வாலடியில் முடி கொட்டி, தோல் சிவந்து புண்ணாகிவிடும். ‘உடம்பு சூடு, மோர் ஊத்துங்க’ என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ‘வெறி பிடிச்சிருச்சு’ என்று விரட்டி விடுபவர்களும் உண்டு.

பெரும்பாலும் இது தெள்ளுப்பூச்சியின் வேலைதான்!

கண்டுபிடிப்பது எப்படி?

எள்ளை விட சின்ன பூச்சி இது. உண்ணி போல ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாது. முடிக்குள் ஓடும், தாவும். பூனை நக்கி நக்கி விழுங்கி விடுவதால் பல நேரம் கண்ணில் படுவதே இல்லை. பேன் சீப்பை எடுத்து வாலடியில் வாருங்கள். விழும் கறுப்பு தூளை ஈரமான வெள்ளை துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் கரைந்தால் அது அழுக்கு இல்லை. பூனையின் ரத்தத்தை குடித்த பூச்சி போட்ட எச்சம்.

பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், நாள் கணக்கில் அரிக்கும். குட்டிகளுக்கோ ரத்தமே குறைந்து ஈறு வெளுத்துவிடும். உயிர் போகவும் வாய்ப்பு உண்டு. விழுங்கிய பூச்சி மூலம் நாடாப்புழுவும் வரும். ஆசனவாயை சுற்றி அரிசி போல ஒட்டியிருந்தால் அதுதான்.

ரெண்டு சொட்டில் ஆபத்து

‘நாய்க்கு வாங்கினது மிச்சம் இருக்கு, ரெண்டு சொட்டு விட்டா என்ன?’ இங்கேதான் விபரீதம். நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி கிடையாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து செத்தே போகலாம். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், அந்துருண்டையும் வேண்டவே வேண்டாம். தடவியதை பூனை நக்கித்தானே தீரும்! தெரியாமல் நாய் மருந்தை போட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பு திரவம், வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, துடைத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பூனைக்கென்றே கழுத்தின் பின்புறம் விடும் சொட்டு மருந்து இருக்கிறது. எடைக்கும் வயதுக்கும் தக்கபடி கால்நடை டாக்டர் எழுதித் தருவார். சென்னைவாசிகள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போகலாம்.

பாயிலும் முட்டை

மருந்து விட்டும் பத்து நாளில் பூச்சி திரும்ப வருதே என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். காரணம், பூனை மேல் இருப்பது கொஞ்சம்தான். ஒரு பெண் பூச்சி தினமும் 20-க்கும் மேல் முட்டை போடும். அத்தனையும் உதிர்ந்து பாய், மெத்தை, கட்டிலுக்கு அடியில் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து சுள்ளென்ற வெயிலில் போடுங்கள். மூலை முடுக்கு, தரை விரிசல் எல்லாம் பெருக்கி, குப்பையை கட்டி வெளியே போடுங்கள். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருக்கிறதோ எல்லாவற்றுக்கும் அதனதன் மருந்து வேண்டும், அதுவும் 3 மாதமாவது விடாமல்.

சீப்பில் கறுப்பு தூளே விழவில்லை, ஆனாலும் கடிக்கிறது என்றால் சொறிப்பூச்சி, படர்தாமரை, சாப்பாட்டு அலர்ஜி என்று வேறு காரணம் இருக்கலாம். படர்தாமரை வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் ஒட்டும் என்பதால் நாள் கடத்தாமல் காட்டிவிடுங்கள்.