டிராக்டர் ஹைட்ராலிக் எண்ணெயைக் கவனியுங்கள்

சிறிய டிராக்டர் கலப்பையை மெதுவாகத் தூக்குகிறதா? தூக்கும்போது உதறுகிறதா? பம்பு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அப்படியே ஓட்டினால் பம்பு தேய்ந்து பெருஞ்செலவு வைக்கும்.

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைக்கவும். சில நிமிடம் கழித்து, அளவுகோலைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு அதை வெளியே எடுக்கவும். கோலைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்கவும். எண்ணெய் இரு கோடுகளுக்கு இடையே நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால், கையேட்டில் குறித்த ரக எண்ணெயையே சுத்தமான புனல் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றவும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. பல சிறிய டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் இரண்டும் கெடும்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். சேற்றுழவு செய்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். அந்த எண்ணெயை முழுவதும் மாற்றி, நீர் புகுந்த வழியையும் சரிசெய்ய வேண்டும்.

அடிக்கடி அளவு குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. அதைக் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். தோலில் புகுந்துவிட்டால், காயம் சிறிதானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.