டிரெட்மில் பெயரில் 'மில்' எதற்கு? ஜெயில் தண்டனை ஜிம்முக்கு வந்த கதை!

டிரெட்மில்லில் ஓடிவிட்டு மூச்சு வாங்க இறங்கும் சிலர், "இது என்னடா தண்டனை"ன்னு அலுத்துக்கொள்வது உண்டு. அவர்கள் சொல்வது தப்பில்லை. ஒரு காலத்தில் டிரெட்மில் உண்மையிலேயே சிறைத் தண்டனைதான்.

ஆங்கிலத்தில் 'டிரெட்' என்றால் மிதிப்பது. 'மில்' வேறெதுவும் இல்லை, நம்ம ரைஸ் மில், மாவு மில்லில் வருகிற அதே மில்தான். காலால் மிதித்து ஓட்டும் அரவை இயந்திரம் என்பதே சொல்லின் பொருள்.

கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று 1818-ல் இதைச் சிறைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்து பொறியாளர் வில்லியம் கியூபிட். இன்றைய பெல்ட் எல்லாம் அதில் கிடையாது. அகலமான பெரிய உருளை, அதைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்தபடி ஏற வேண்டும். கால் வைத்ததும் அந்தப் படி கீழே போய்விடும். உடனே அடுத்த படி. பல மணி நேரம் ஏறினாலும் நிற்பது அதே இடத்தில்தான்!

சில சிறைகளில் இது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் எதையுமே அரைக்காமல் வெறுமனே சுற்றியது. அதுதான் கொடுமை. 1895-ல் சிறைக்குப் போன எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் இதில் ஏறியவர்தான். 1898-ல் வந்த சிறைச் சட்டத்தோடு இந்தத் தண்டனை ஒழிந்தது. பெயர் மட்டும் ஒழியவில்லை.

அடுத்து அந்தப் பெயர் போனது ஆஸ்பத்திரிக்கு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ராபர்ட் புரூஸ், 1950-களில் நோயாளிகளை டிரெட்மில்லில் நடக்கவிட்டே ஈ.சி.ஜி. எடுத்தார். படுத்திருக்கும்போது தெரியாத இதயக் கோளாறு, நடக்கும்போது தெரியலாம் இல்லையா? அவர் பெயரில் உள்ள முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நாம் டி.எம்.டி. என்று சொல்லும் டெஸ்ட் இதுதான். (வீடு கட்டுகிற டி.எம்.டி. கம்பி வேற!)

வீட்டுக்கு வந்தது இன்னும் பிறகு. டாக்டர் கென்னத் கூப்பர் 1968-ல் எழுதிய 'ஏரோபிக்ஸ்' புத்தகத்தைப் படித்த பொறியாளர் வில்லியம் ஸ்டாப், வீட்டில் ஓடுவதற்கு விலை குறைந்த டிரெட்மில்லை உருவாக்கினார்.

டி.எம்.டி. எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால், 'இன்னும் கொஞ்சம் தாங்குவோம்'னு பல்லைக் கடிக்காமல் உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மெஷினை நிறுத்திவிடுவார்கள். எந்த நிமிடத்தில் அறிகுறி வந்தது என்பதும் டாக்டருக்குத் தேவையான தகவல்தான்.